சிறிய லேப்டாப் எவ்வளவு சிறியதாக இருக்கலாம்?

லேப்டாப் வாங்கப் போகிறவர் கடையில் முதலில் சொல்வது ஓர் எண்ணைத்தான். "13 இன்ச் போதும்", "15.6-க்குக் கீழே வேண்டாம்", "கைக்கு அடக்கமா 11 இன்ச்சில் ஏதாவது இருக்கா?" இப்படி. அந்த எண் திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை வரை உள்ள நீளம், அவ்வளவுதான். லேப்டாப் எவ்வளவு அகலம், பையில் நுழையுமா, எடை என்ன, இரண்டு கையையும் வைத்து வசதியாகத் தட்டச்சு செய்ய முடியுமா, இதில் எதையும் அது சொல்வதில்லை. ஆனாலும் விற்பவரும் வாங்குபவரும் அதை வைத்தே பேசி முடித்துவிடுகிறார்கள். தினமும் தூக்கிக்கொண்டு அலையப்போகிற, ஐந்தாறு வருடம் உழைக்க வேண்டிய ஒரு பொருளுக்கு இது போதாது.

2010 அக்டோபரில் ஆப்பிள் 11.6 இன்ச் மேக்புக் ஏரைக் கொண்டுவந்தது. அகலம் 30 செ.மீ., ஆழம் 19.2 செ.மீ., எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். 2022-இல் வந்த எம்2 மேக்புக் ஏரின் திரை 13.6 இன்ச். அதன் அகலம் 30.4 செ.மீ., ஆழம் 21.5 செ.மீ. பெயரளவில் இரண்டு இன்ச் பெரிதாகிவிட்டது, அகலத்திலோ அரை சென்டிமீட்டர்கூட ஏறவில்லை. பழையதில் திரையைச் சுற்றித் தடிமனான சட்டம் இருந்தது. புதியதில் அந்த இடத்தையும் திரையே எடுத்துக்கொண்டது. "எனக்கு அந்தப் பழைய 11 இன்ச் மாதிரி ஒன்று வேண்டும்" என்று இன்றைக்குத் தேடுகிறவர் பெரும்பாலும் 13 இன்ச் என்ற பெயரில் விற்கும் பொருளைத்தான் தேடுகிறார்.

இந்த மாற்றத்தை எல்லோருக்கும் கண்ணில் காட்டியது 2015-இல் வந்த டெல் எக்ஸ்பிஎஸ் 13. அதில் 13.3 இன்ச் திரை, உடலோ 30.4 செ.மீ. அகலம், 20 செ.மீ. ஆழம். சட்டம் அவ்வளவு மெலிந்ததால் திரைக்கு மேலே கேமரா வைக்க இடமில்லாமல் போனது. திரைக்குக் கீழே, ஒரு மூலையில் கொண்டுபோய் வைத்தார்கள். வீடியோ அழைப்பில் எதிரே இருப்பவருக்கு மூக்குத் துவாரமும், தட்டச்சு செய்தால் பெரிதாக விரல்களும் தெரிந்தன. 2019-இல் 2.25 மில்லிமீட்டர் அளவில் ஒரு கேமராவைச் செய்து மேலே ஏற்றிய பிறகுதான் அந்தக் குறை தீர்ந்தது. உடலைச் சுருக்கும்போது ஏதோ ஒன்று இடம் மாற வேண்டியிருக்கிறது. எது இடம் மாறியது என்று பார்த்து வாங்குவது நல்லது.

குறுக்களவு ஏமாற்றுவதற்கு இன்னொரு காரணம் திரையின் வடிவம். அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதத்தை 16:9, 16:10 என்று சொல்வார்கள். ஒரே 13.3 இன்ச், 16:9 வடிவத்தில் இருந்தால் அகலம் 29.4 செ.மீ., உயரம் 16.6 செ.மீ. அதுவே 16:10 என்றால் அகலம் 28.6, உயரம் 17.9. பழைய 14 இன்ச் 16:9 திரையின் உயரம் 17.4 செ.மீ.தான். அதாவது எண்ணில் சின்னதான 13.3 இன்ச் திரை, எண்ணில் பெரியதான 14 இன்ச் திரையைவிட உயரம். 13.5 இன்ச்சில் 3:2 வடிவத் திரை 19 செ.மீ. உயரம் வரும். நம் ஊரில் எங்கும் கிடைக்கும் 15.6 இன்ச் 16:9 திரையின் உயரத்தோடு ஒப்பிட்டால் அது அரை சென்டிமீட்டருக்கும் குறைவாகத்தான் தாழ்வு. எழுதுவதும் படிப்பதும் மேலிருந்து கீழாக நகரும் வேலைகள், அதனால் உயரம் கூடக் கூட நல்லது. சினிமா பார்க்க மட்டும் 16:9 வசதி. 2010 வாக்கில் தொலைக்காட்சித் திரையோடு சேர்ந்து லேப்டாப்பும் 16:9-க்குப் போனது. 2020-க்குப் பிறகு 16:10 மெல்லத் திரும்பி வந்திருப்பது, சிறிய லேப்டாப் வாங்குகிறவர்களுக்குக் கிடைத்த பெரிய நன்மை.

சரி, அப்படியானால் எவ்வளவு தூரம் சுருக்கலாம்? இதற்குப் பதில் திரையில் இல்லை, கீபோர்டில் இருக்கிறது.

வழக்கமான கீபோர்டில் ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்த விசையின் நடு வரை 19 மி.மீ. தூரம். மேசைக் கணினியில் பழகிய விரல்கள் இந்த 19 மில்லிமீட்டரைப் பார்க்காமலே அறியும். எண் வரிசையை எடுத்துக்கொண்டால் 13 விசைகளும், அழிக்கும் விசை இரண்டு விசை அகலமும் சேர்ந்து மொத்தம் 15 விசை அகலம். 15-ஐ 19-ஆல் பெருக்கினால் 285 மி.மீ., அதாவது 28.5 செ.மீ. முழு அளவு கீபோர்டு வேண்டுமென்றால் லேப்டாப்பின் உடல் ஏறத்தாழ இந்த அகலத்துக்குக் கீழே போக முடியாது. 13.3 இன்ச் 16:10 திரையின் அகலம் 28.6 செ.மீ. என்று மேலே பார்த்தோம். கையும் கண்ணும் ஒரே அகலத்தில் சந்திக்கும் இடம் அது. 13 இன்ச் என்ற அளவு இத்தனை வருடம் நிலைத்திருப்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

எல்லைக்கு அருகில் போனவர்கள் எங்கே நின்றார்கள் என்று பாருங்கள். 2015-இல் ஆப்பிள் விற்ற 12 இன்ச் மேக்புக்கின் அகலம் 28 செ.மீ., எடை 920 கிராம். மைக்ரோசாஃப்டின் சர்ஃபேஸ் லேப்டாப் கோ, 12.4 இன்ச், அகலம் 27.8 செ.மீ. வேறு வேறு நிறுவனம், வேறு வேறு வருடம், இரண்டும் 28-ஐ ஒட்டியே நின்றன. ஓரத்து விசைகளைக் கொஞ்சம் ஒடுக்கினால் அரை சென்டிமீட்டரோ கூடக் கொஞ்சமோ மிச்சம் பிடிக்கலாம். அதற்கும் கீழே போக வேண்டுமென்றால் எழுத்து விசைகளிலேயே கை வைக்க வேண்டும்.

ஒரே ஒரு முறை இந்தக் கணக்கை அழகாகத் தாண்டியிருக்கிறார்கள். 1995-இல் ஐபிஎம் வெளியிட்ட திங்க்பேட் 701. மூடியிருக்கும்போது உடல் 24.7 செ.மீ. அகலம். மூடியைத் திறந்தால் இரண்டு துண்டாக இருக்கும் கீபோர்டு நகர்ந்து, ஒன்றோடொன்று பொருந்தி, உடலைவிட அகலமாக 29 செ.மீ.க்கு விரியும். ஜான் கரிடிஸ் என்ற பொறியாளரின் யோசனை அது. 'பட்டாம்பூச்சி' என்று பெயர் வாங்கியது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அதை வைத்திருக்கிறார்கள். ஆனால் சந்தையில் அது நீடிக்கவில்லை. பெரிய திரைகள் விலை குறைந்து வந்ததும் உடல் தானாக அகலமானது, முழு கீபோர்டு மடக்காமலே உட்கார்ந்துகொண்டது.

சிறிய லேப்டாப் என்றால் பலருக்கு நினைவுக்கு வருவது நெட்புக் என்ற விலை குறைந்த குட்டி லேப்டாப்புகளின் காலம். 2007 கடைசியில் அசுஸ் ஈ பிசி 701 வந்தது. 7 இன்ச் திரை, 800 × 480 புள்ளிகள், உடல் 22.5 செ.மீ. அகலம், எடை 920 கிராம். விலை குறைவாக இருந்ததால் விற்றுத் தீர்ந்தது. அடுத்த ஒரு வருடத்துக்குள் நடந்ததுதான் முக்கியம். அதே அசுஸ் 8.9 இன்ச்சுக்குப் போய், அங்கிருந்து 10 இன்ச்சுக்கும் போய்விட்டது. மற்ற நிறுவனங்களும் போட்டி போட்டுக்கொண்டு கீபோர்டைப் பெரிதாக்கின. எச்பி மினி-நோட் 2133-இல் முழு அளவில் 92 சதவீத கீபோர்டு, சாம்சங் என்சி10-இல் 93 சதவீதம் என்று அந்த எண்ணையே விளம்பரத்தில் போட்டார்கள். கையில் பிடித்துப் பார்க்கும்போது 7 இன்ச் அழகாக இருந்தது. உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதிப் பார்த்தவர்கள் பெரியதைக் கேட்டார்கள்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இந்த விஷயம் இன்னும் கூர்மையானது. ஆங்கிலத்தில் வரும் மதிப்புரைகளில் இதைப் பற்றி ஒரு வரியும் இருக்காது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1999-இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட விசை அமைப்பு தமிழ்99. நான் எழுதுவது அதில்தான். ஆங்கிலத்தில் 26 எழுத்து, தமிழ்99-க்கு அதைவிடக் கூடுதல் விசைகள் தேவை. அதனால் கீபோர்டின் வலது ஓரத்தில் ஆங்கிலத்துக்கு நிறுத்தக்குறிகள் இருக்கும் இடங்களில் தமிழுக்கு எழுத்துகள் உட்கார்ந்திருக்கின்றன. இரண்டு சதுர அடைப்புக்குறி விசைகளில் ச, ஞ. அரைப்புள்ளி விசையில் ந. மேற்கோள் குறி விசையில் ய. சாய்கோட்டு விசையில் ழ. ஐந்தும் வலது சுண்டுவிரலின் வேலை.

சிறிய லேப்டாப்பில் இடம் போதாதபோது வடிவமைப்பாளர் முதலில் எங்கே கை வைப்பார்? எழுத்து விசைகளை முழு அளவில் வைத்துவிட்டு, வலது ஓரத்து நிறுத்தக்குறி விசைகளைப் பாதியாக நறுக்குவார். சிலர் அவற்றைத் தூக்கி வேறு வரிசையில் போட்டுவிடுவார்கள். ஆங்கில மதிப்புரையாளர் "ஓரத்தில் சில விசைகள் மட்டும் சற்றுச் சிறியவை, மற்றபடி முழு அளவு" என்று எழுதிவிட்டுப் போவார். அவருக்கு அது உண்மை. நமக்கு அங்கே இருப்பது ச-வும் ந-வும் ய-வும். 'நெஞ்சு' என்று தட்டிப் பாருங்கள். ந, எ, ஞ, ச, உ என்று ஐந்து தட்டல்கள். அதில் மூன்று வலது சுண்டுவிரலுக்கு, அந்த மூன்றில் இரண்டு அடுத்தடுத்த அடைப்புக்குறி விசைகள். அவை இரண்டும் ஒடுங்கியிருந்தால் ஞ-வுக்குப் பதில் ச விழும், ச-வுக்குப் பதில் அதற்கு இடப்பக்கம் இருக்கும் ண விழும். பத்து இன்ச் நெட்புக்கில் தமிழ்99-இல் ஒரு பக்கம் எழுதினால் எத்தனை முறை அழித்துத் திருத்த வேண்டியிருக்கும் என்பது எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழாக மாற்றும் முறையில் எழுதுகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவர்கள் ஒரு படி சிறிய அளவுக்குக்கூடப் போகலாம்.

எனவே தமிழ்99 பயன்படுத்துகிறவர், திரை எத்தனை இன்ச் என்று கேட்பதற்கு முன், 'பி' விசைக்கு வலப்பக்கம் இருக்கும் இரண்டு விசைகளும் மற்ற எழுத்து விசைகளின் அகலத்தில் இருக்கின்றனவா என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட வேண்டும்.

இனி கண். நெட்புக்குகளின் 1024 × 600 திரையில் சில அமைப்புப் பெட்டிகள் திரைக்குள் அடங்காமல் 'சரி' பொத்தான் கீழே மறைந்துபோகும். அந்த நாள் போய்விட்டது. இன்றைக்குக் கிடைக்கும் 13 இன்ச் திரைகளில் 1920 × 1200 சாதாரணம். ஆனால் அதை அப்படியே வைத்துக்கொண்டால் எழுத்து பொடியாகத் தெரியும், விண்டோஸ் 150 சதவீதத்துக்குப் பெரிதாக்கிக் காட்டும். அப்போது உண்மையில் கிடைக்கும் வேலை இடம் 1280 × 800-க்குச் சமம். புள்ளிகள் கூடினால் எழுத்தின் விளிம்பு வழவழப்பாகும், இடம் கூடாது. ஆனாலும் அந்த வழவழப்பு தமிழுக்கு மிகவும் தேவை. இரண்டு சுழி ன-வையும் மூன்று சுழி ண-வையும், ர-வையும் துணைக்காலையும் பார்த்தவுடன் பிரித்தறிய வேண்டுமே! பழைய 1366 × 768 திரையில் மெய்ப்புத் திருத்தியவர்கள் புதிய திரையில் ஒரு பக்கத்தைத் திறந்தால் வித்தியாசம் உடனே தெரியும். விளக்கமே தேவைப்படாது.

வயதும் இதில் சேரும். நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து தொடங்கியவர் திரையைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் படிக்க விரும்புவார். தள்ளி வைத்தால் எழுத்து பெரிதாக வேண்டும், எழுத்து பெரிதானால் திரையில் அடங்கும் வரிகள் குறையும். லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் ஒட்டியே இருப்பதால் திரையை மட்டும் நகர்த்தவும் வழியில்லை. இருபது வயதில் 12 இன்ச் போதும் என்றவருக்கு நாற்பத்தைந்தில் 14 இன்ச் தேவைப்படலாம். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ லேப்டாப் எடுத்துத் தருகிற பிள்ளைகள் தங்கள் கண்ணை வைத்து அளவு முடிவு செய்யக் கூடாது.

இரண்டு ஆவணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வேலை செய்கிறவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ., இருபுறமும் ஓரம் விட்டது போக எழுத்து இருக்கும் பகுதி சுமார் 16 செ.மீ. 13.3 இன்ச் 16:10 திரையின் பாதி 14.3 செ.மீ. 14 இன்ச் என்றால் 15.1. இரண்டிலும் இரண்டு பக்கங்களை உண்மை அளவில் அருகருகே வைக்க முடியாது. 16 இன்ச்சில் பாதி 17.2 செ.மீ., அங்கே முடியும். மொழிபெயர்ப்பாளர், கணக்கர், ஒப்பந்தங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கறிஞர் போன்றவர்கள் 13-க்கும் 14-க்கும் இடையே அலைவதில் பயனில்லை. ஒன்று 16-க்குப் போக வேண்டும், அல்லது சிறியதை எடுத்துக்கொண்டு வீட்டில் ஒரு மானிட்டர் வைத்துக்கொள்ள வேண்டும். என் ஓட்டு இரண்டாவதற்கு. வீட்டில் இருக்கும்போது 24 இன்ச் மானிட்டர், வெளியே போகும்போது ஒரு கிலோ சொச்சம். இந்த வழியில் போகிறவர் லேப்டாப்பின் யூஎஸ்பி-சி துளை திரைக்குப் படம் அனுப்புமா என்று விற்பனைக் குறிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும். விலை குறைந்த சில லேப்டாப்புகளில் அந்தத் துளை கோப்புகளை மாற்ற மட்டுமே உதவும்.

எடை விஷயத்தில் இன்ச் எண்ணை அறவே மறந்துவிடலாம். 2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் அலுவலக உறையிலிருந்து உருவி எடுத்துக் காட்டிய முதல் மேக்புக் ஏர், 13.3 இன்ச், 1.36 கிலோ. 2019-இல் எல்ஜி வெளியிட்ட கிராம் 17, பெயரே சொல்வதுபோல் 17 இன்ச், எடை 1.34 கிலோ. உடலுக்கு என்ன உலோகம், பேட்டரி எவ்வளவு பெரிது என்பவைதான் எடையைத் தீர்மானிக்கின்றன. இங்கே பலரும் கவனிக்காத ஒன்று சார்ஜர். பழைய பாணி சார்ஜர், சுவருக்குப் போகும் கனமான கம்பியோடு சேர்த்து 300, 400 கிராம் வரும். யூஎஸ்பி-சி வழியாக மின்னேறும் லேப்டாப் என்றால் ஏறக்குறைய நூறு, நூற்றைம்பது கிராமுக்குள் 65 வாட் சார்ஜர் கிடைக்கிறது. 14 இன்ச்சிலிருந்து 13-க்கு இறங்கினால் குறையும் எடையைவிட, பல நேரம் சார்ஜரை மாற்றினால் குறையும் எடை அதிகம். தோள் வலிக்கிறது என்று திரையைச் சுருக்கப் போகிறவர் முதலில் பையை அப்படியே தராசில் வைத்துப் பார்க்கட்டும்.

பேட்டரியில் மட்டும் அளவுக்கு நேரடியான விலை உண்டு. 2013 மேக்புக் ஏரில் பிராசசர் ஒன்றே, வருடம் ஒன்றே. 11 இன்ச் மாடலுக்கு 38 வாட்-மணி பேட்டரி, 9 மணி நேரம் வரும் என்றார்கள். 13 இன்ச்சுக்கு 54 வாட்-மணி, 12 மணி நேரம். உடல் சிறுத்தால் பேட்டரிக்கு இடமில்லை. திரை சின்னதாவதால் மிச்சமாகும் மின்சாரம் அந்த இழப்பை ஈடுகட்டவில்லை.

சூடு இன்னொன்று. மெல்லிய, மின்விசிறி இல்லாத லேப்டாப்புகள் சத்தமே போடாது, எழுதுவதற்கு அருமை. ஆனால் வெப்பம் உடல் வழியாகத்தான் வெளியேற வேண்டும், அதனால் நீண்ட நேர வேலையில் பிராசசர் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மேக்புக் ஏருக்கு ஆப்பிள் குறிப்பிடும் சுற்றுப்புற வெப்பநிலை 10 முதல் 35 டிகிரி வரை. மே மாதத்து வேலூரிலோ திருச்சியிலோ ஏசி இல்லாத அறையில் மதியம் அந்த 35-ஐ எளிதாகத் தாண்டிவிடும். வீடியோ தொகுக்கிறவர், பெரிய மென்பொருள்களை மணிக்கணக்கில் ஓட்டுகிறவர் இங்கே மெல்லியதைத் தேடாமல், மின்விசிறி உள்ள 14 இன்ச்சை எடுப்பது நல்லது.

பழுது பார்ப்பதிலும் சின்ன உடல் ஒரு விலை வாங்குகிறது. 13 இன்ச்சும் அதற்குக் கீழும் உள்ளவற்றில் இன்றைக்குப் பெரும்பாலும் ரேம் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. பிறகு கூட்ட முடியாது. வாங்கும்போதே 16 ஜிபி எடுத்துவிடுவது நல்லது. 8 ஜிபி எடுத்துவிட்டு இரண்டு வருடம் கழித்து வருந்துகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

இதே காரணத்தால்தான் சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் பழைய 12.5 இன்ச் அலுவலக லேப்டாப்புகளுக்கு இன்னும் மவுசு. பெரிய நிறுவனங்கள் கழித்துக் கட்டிய திங்க்பேட் எக்ஸ் வரிசை, டெல் லேட்டிடியூட் 7000 வரிசை, எச்பி எலைட்புக் 820 எல்லாம் செகண்ட் ஹேண்டில் வருகின்றன. திங்க்பேட் எக்ஸ்270 வரை ரேமைக் கழற்றி மாட்டலாம், பேட்டரியையும் பின்னாலிருந்து கழற்றலாம். எக்ஸ்280-இல் ரேம் பற்றவைக்கப்பட்டுவிட்டது. 2019-இல் வந்த எக்ஸ்390 13.3 இன்ச்சுக்குப் போய்விட, அந்த வரிசையில் 12.5 என்ற அளவு முடிந்தது. குறைந்த பணத்தில் உறுதியான சின்ன லேப்டாப் தேடும் மாணவருக்கு இவை நல்ல தேர்வு. ஆனால் இவற்றில் பல 1366 × 768 திரையோடு வந்தவை, பக்கவாட்டில் பார்த்தால் நிறம் வெளுக்கும். 1920 × 1080 திரை உள்ளதைக் கேட்டு வாங்க வேண்டும். விண்டோஸ் 11 அதில் முறைப்படி ஓடுமா என்பதையும் பிராசசர் தலைமுறையை வைத்துச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

டேப்லெட்டோடு கீபோர்டு சேர்த்தால் போதாதா என்று கேட்பார்கள். 2021-இன் 12.9 இன்ச் ஐபேட் ப்ரோ 682 கிராம். ஆப்பிளின் மேஜிக் கீபோர்டு சுமார் 700 கிராம். சேர்த்தால் அதே காலத்து மேக்புக் ஏரின் 1.29 கிலோவைவிடக் கனம். கீபோர்டு இல்லாமல் படிக்கவும் வரையவும் நாளின் பெரும்பகுதி போகும் என்றால் அது நல்ல பொருள். மற்றபடி எடை குறையும் என்ற எண்ணத்தில் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

அப்படியென்றால் 12 இன்ச்சுக்குக் கீழே யாருக்குத்தான் தேவை? நிச்சயம் சிலருக்கு உண்டு. சர்வர் அறையில் நின்றபடி ஒரு கருவியோடு கம்பி இணைத்துச் சில கட்டளைகள் மட்டும் கொடுக்க வேண்டிய பொறியாளருக்கு 2019-இல் வந்த ஜிபிடி மைக்ரோபிசி போன்ற 6 இன்ச் கணினி பொருத்தம். அதில் பழைய சீரியல் துளையும் வலைக் கம்பிக்கான துளையும் இருக்கின்றன. அவருக்குப் பத்து விரல் தட்டச்சு தேவையில்லை. ஜப்பானில் நெரிசலான ரயிலில் அலுவலகம் போகிறவர்களை மனதில் வைத்துப் பானசோனிக் தன் லெட்ஸ் நோட் வரிசையில் 10.1 இன்ச் மாடல்களை 750 கிராமுக்கும் கீழே செய்தது. அதிலும் அலுவலகத்துக்கு வேண்டிய துளைகளைக் குறைக்கவில்லை. வாடிக்கையாளர் வீட்டு வாசலில் நின்று ஒரு படிவம் நிரப்பும் வேலை, கூட்டத்தில் குறிப்பெடுக்கும் வேலை, இவற்றுக்கும் சின்னது சரி. ஒரு நாளில் தொடர்ந்து தட்டச்சு செய்யும் நேரம் அரை மணியைத் தாண்டுமா என்பதுதான் நான் வைக்கும் கோடு. தாண்டினால் 28 செ.மீ. அகலத்துக்குக் கீழே இறங்கச் சொல்ல மாட்டேன்.

அளந்து பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. ஏ4 தாளின் அளவு 29.7 × 21 செ.மீ. இன்றைய நல்ல 13 இன்ச் லேப்டாப் ஏறக்குறைய இதே அளவுதான். மேலே சொன்ன மேக்புக் ஏர் 30.4 × 21.5. ஒரு கனமான ஏ4 அட்டையை எடுத்து நீங்கள் தினமும் தூக்கும் பையில் செருகிப் பாருங்கள். வகுப்பறையில் நாற்காலியோடு இருக்கும் எழுதுபலகையில் வைத்துப் பாருங்கள். ரயிலில் முன் இருக்கையின் முதுகிலிருந்து இறங்கும் சிறு மேசையில் வைத்துப் பாருங்கள். விமானத்தில் மலிவுக் கட்டணப் பகுதியில் ஓர் இருக்கையின் முதுகிலிருந்து முன் இருக்கையின் முதுகு வரை பெரும்பாலும் 28 முதல் 31 இன்ச்தான் இருக்கும். முன்னால் இருப்பவர் சாய்ந்தால் உயரமான திரை மாட்டிக்கொள்ளும். ஏ4 அட்டையை நிமிர்த்தி வைத்தால் அங்கே நிற்குமா என்பதும் தெரிந்துவிடும். அட்டை எங்கும் சிரமமில்லாமல் அமர்ந்தால் 13 இன்ச் எடுக்கலாம். சுற்றிலும் இரண்டு விரல் இடம் மிஞ்சினால் 14 இன்ச்சுக்குத் தைரியமாகப் போகலாம். எங்குமே இடிக்கிறது என்றால்தான் 12-ஐப் பற்றி யோசிக்க வேண்டும்.

13-ஆ 14-ஆ என்ற கேள்விக்கு என் பதில், பெரும்பாலோருக்கு 16:10 வடிவத்தில் 14. அந்தத் திரை 30.2 செ.மீ. அகலம், உடல் 31 அல்லது 32 செ.மீ.க்குள் முடிந்துவிடும். முழு கீபோர்டுக்கு இருபுறமும் மூச்சுவிட இடம், சூடு வெளியேற இடம், கூடுதல் பேட்டரி, அதிக மாடல்களும் அந்த அளவில்தான் கிடைக்கின்றன. அதனால் அதே பணத்துக்குக் கூடுதல் ரேமோ நல்ல திரையோ வாங்க முடிகிறது. 13-ஐப் பரிந்துரைப்பது இரண்டு பேருக்கு. நிறையப் பயணம் போகிறவர், வீட்டில் மானிட்டர் வைத்திருப்பவர்.

கடையில் லேப்டாப்புகளை இடுப்பு உயர மேசையில் வரிசையாக வைத்திருப்பார்கள், நாம் நின்றுகொண்டே தொட்டுப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம். நாற்காலி ஒன்று கேட்டு உட்காருங்கள். விண்டோஸில் தமிழ்99 உள்ளேயே இருக்கிறது, மொழி அமைப்பில் சேர்த்துக்கொள்ளலாம், அனுமதி கேட்டுச் சேருங்கள். ஒரு முழுப் பத்தி தட்டுங்கள். மணிக்கட்டு உடலின் முன் விளிம்பில் வெட்டுகிறதா, சுண்டுவிரல் ச-வைத் தேடாமல் தொடுகிறதா, திரையைப் பார்க்கக் கழுத்து முன்னால் நீள்கிறதா என்று கவனியுங்கள். நீங்கள் விரும்பும் மாடல் கடையில் இல்லை என்றால் தயாரிப்பாளரின் தளத்தில் அகலமும் ஆழமும் மில்லிமீட்டரில் கொடுத்திருப்பார்கள், அதை ஏ4-இன் 297, 210 என்ற எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கீபோர்டின் நேர்மேல் படம் ஒன்றும் அங்கே இருக்கும். அதில் 'பி'-க்கு வலப்பக்கத்து இரண்டு விசைகளும் 'பி'-யின் அகலத்தில் இல்லை என்றால், தமிழ்99-இல் எழுதுகிறவர் அந்த மாடலை விட்டுவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம்.